தக்கைச் சுவருக்குள் கேட்ட மணி

என் தம்பி மனைவி சிவகாமி கதவோரம் நின்று சொன்ன ஒரு வார்த்தைக்காகத்தான் ஐம்பத்திரண்டு வயதில் நான் முதல் முறையாகக் கடல் தாண்டினேன்.

"போயி அவரைக் கடைசியாப் பாத்தவங்க ஒருத்தரையாவது கேட்டுட்டு வாங்க மாமா. கேட்டுட்டு வந்து நீங்க என்ன சொன்னாலும் சரி. அதுவரைக்கும் என் கழுத்துல ஒருத்தரும் கை வைக்கக் கூடாது."

தம்பி கலியமூர்த்தி திருகோணமலைத் துறைமுகத்தில் வத்தையில் வேலை செய்தவன். நடுத்துறையில் நிற்கும் கப்பலுக்கும் கரைக்கும் நடுவே மூட்டை ஏற்றிப் போகிற தட்டையான பெரிய படகைத்தான் அங்கே வத்தை என்கிறார்கள். வருஷத்துக்கு ஒரு முறை ஆடியில் வீட்டுக்கு வருவான். பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் அந்தப் பெரிய புயல் அடித்த மார்கழியில் காணாமல் போனான். உடல் கிடைக்கவில்லை. அப்படிப் போனவருக்குப் பன்னிரண்டு வருஷம் காத்திருந்து, பிறகு தர்ப்பைப் புல்லால் உருவம் முடைந்து, தலைக்கு ஒரு தேங்காய் வைத்து, அதைத் தகனம் செய்து கருமம் முடிப்பது எங்கள் பக்கத்து வழக்கம். வருஷம் முடிந்துவிட்டது. சிவகாமியின் தாலியை இறக்க வேண்டும் என்று உறவுப் பெண்கள் பேச ஆரம்பித்தார்கள். அப்போதுதான் அவள் அப்படிச் சொன்னாள்.

நான் வேதாரண்யத்து உப்பளத்தில் வேலை பார்க்கிறவன். படித்தது ஐந்தாம் வகுப்பு. திருநீறு பூசி ஒரு பதிகம் சொல்லாமல் பச்சைத் தண்ணீர் குடிக்க மாட்டேன். நான் பார்த்ததை எனக்குத் தெரிந்த மட்டும் எழுதுகிறேன்.

திருகோணமலைக்குப் போய்ச் சேர்ந்த அன்று விடாத தூறல். வழியில் கந்தளாய்க் காட்டில் பஸ் நின்றது. யானை என்றார்கள். ஓட்டுநர் இன்ஜினை அணைத்தார். அழுத குழந்தையின் வாயைத் தாய் பொத்தினாள். அரைமணி நேரம் ஐம்பது பேர் மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். யானையை நான் பார்க்கவே இல்லை. மூங்கில் ஒடிகிற சத்தம் மட்டும் கேட்டது.

கோயிலுக்கு அருகில் ஒரு மடத்தில் இடம் கிடைத்தது. பையை வைத்துவிட்டுச் சைவக்கடை ஒன்றுக்குப் போனேன். இடியப்பமும் சொதியும் வைத்தார்கள். சொதி என்பது தேங்காய்ப்பாலில் மஞ்சள் போட்டுச் செய்கிற மெல்லிய குழம்பு, வயிற்றுக்கு இதம். தேநீரில் பாலும் இல்லை, சர்க்கரையும் இல்லை. பனங்கட்டி என்கிற கருப்பட்டித் துண்டு ஒன்றை உள்ளங்கையில் வைத்தார்கள், கடித்துக்கொண்டு குடிக்க வேண்டும். நம் பக்கத்தில் இப்படிக் கொடுத்தால் சண்டைக்கு வருவார்கள். இங்கே எல்லோரும் பேசாமல் கடித்துக் குடிக்கிறார்கள்.

கடைக்காரர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். கை கழுவப் போனால் அங்கேயும் கண் பின்னால் வந்தது. வெளியே வந்தேன். சைக்கிளில் போன ஒரு பெரியவர் என் முகத்தைப் பார்த்ததும் காலை ஊன்றி நின்றுவிட்டார். நான் கும்பிட்டேன். அவர் பதிலுக்குக் கும்பிடாமல் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வேகமாகப் போனார்.

மறுநாள் காலையில் காரணம் தெரிந்தது. கலியமூர்த்தியோடு வத்தையில் இருந்தவர்களில் காசிம் காக்கா என்ற ஒருவர்தான் மிஞ்சியிருக்கிறார் என்றும், இப்போது அக்கரை மூதூருக்குப் போகிற லாஞ்சில் கயிறு பிடிக்கிறார் என்றும் மடத்தில் சொன்னார்கள். அங்கே முஸ்லிம்கள் அண்ணனைக் காக்கா என்கிறார்கள். இறங்குதுறைக்குப் போனேன். லாஞ்சின் முனையில் தாடி வைத்த ஒரு முதியவர் கயிற்றைச் சுருட்டிக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் கயிறு கையிலிருந்து நழுவித் தண்ணீரில் விழுந்தது. "அல்லாவே" என்றார்.

"நான் கலியமூர்த்தியோட அண்ணன்" என்றேன்.

அவர் நெஞ்சைத் தடவிக்கொண்டார். "பயந்திட்டன் தம்பி. அவன்தான் கெழவனாகித் திரும்பி வந்திட்டான் எண்டு நெனச்சன். ஏறுங்க, ஏறுங்க. கதைப்பம்."

ஏறினேன். இரண்டு வார்த்தை பேசுவதற்குள் லாஞ்ச் கிளம்பிவிட்டது. பதறிப் போய் எழுந்தேன்.

"இனி எறங்க ஏலா. மூதூர் போய்த்தான் வரணும்" என்று சிரித்தார் காக்கா. "குந்துங்க. மௌத்தான கூட்டாளிர அண்ணன் கடல்ல குதிச்சா ஆர் பதில் சொல்லுற?"

மௌத்து என்றால் மரணம். அவர் சிரித்துக்கொண்டே சொன்ன அந்த ஒரு வார்த்தையைக் கேட்கத்தான் நான் இவ்வளவு தூரம் வந்திருந்தேன். கேட்டதும் பலகையில் உட்கார்ந்துவிட்டேன்.

எங்கள் கடல் சேற்றுக் கடல். இடுப்பளவு தண்ணீரில் கூப்பிடு தூரம் நடக்கலாம். இந்தத் துறைமுகம் அப்படி இல்லை. சுற்றிலும் மலை, அலை கிடையாது, கோயில் குளம் மாதிரி அசையாமல் கிடக்கிறது. ஆனால் கரையை விட்டு ஒரு முழம் தள்ளினாலே கறுப்பு. மழைத்துளி விழுகிற சத்தம்கூட அதில் கேட்கவில்லை.

"எவ்வளவு ஆழம் காக்கா?"

"கப்பல்காரனே அளந்து முடிக்கல்ல" என்றார். பிறகு புயலன்று நடந்ததைச் சொன்னார். "மூணு வத்தயும் கயிறு அறுந்து ஆடிச்சி. நாங்க கரையில நிண்ட. ஒங்கட தம்பி மட்டும் போனான். ஒரு ஆள் மழைச்சட்டயோட வத்தக்கு மேல நிக்கிற நான் கண்டன். பொறகு வத்தயும் இல்ல, ஆளும் இல்ல."

"முகத்தப் பாத்தீங்களா?"

"அந்த மழையில ஆர்ர முகத்த ஆர் கண்ட?"

மூதூரில் ஆட்களை இறக்கி ஏற்றினார்கள். இன்ஜின் சத்தத்தில் யார் என்ன கத்துகிறார்கள் என்று புரியவில்லை. திரும்பி வரும்போது காக்கா என் பக்கம் சாய்ந்து தாழ்ந்த குரலில் சொன்னார்.

"அவன்ட குரல் இன்னும் இரிக்கி தம்பி. யோகம் மிஸ்ஸிட ஐஸ் பக்டரியில. மெசின்ல புடிச்சி வச்சிரிக்கா. நான் கூட்டிப் போறன். ஆனா உள்ளுக்கு வர மாட்டன்."

துறைமுக வீதியில், வெள்ளைக்காரக் கடற்படை இருந்த காலத்தில் கப்பல்களுக்கு ஐஸ் செய்த தொழிற்சாலை அது. இயந்திரங்களை எல்லாம் கழற்றி விற்றுவிட்டார்கள். யோகம் மிஸ் பள்ளிக்கூடத்தில் சித்திரம் படிப்பித்தவர். வெளிநாடு போய்ப் படித்துவிட்டு வந்து இந்தக் கட்டடத்தை எடுத்துக் கலைக்கூடம் ஆக்கியிருந்தார். நாற்பத்தைந்து வயது இருக்கும். கட்டையாக வெட்டிய தலைமுடி, இடுப்பில் சாவிக்கொத்து.

சித்திரக்காரி என்றதும் சுவரில் படங்கள் இருக்கும் என்று நினைத்துப் போனேன். ஒரு படமும் இல்லை.

"படம் எங்கம்மா?"

"படம் இல்லை ஐயா. ஆறுதலா நடந்து பாருங்கோ" என்றார் மிஸ்.

ஐஸ் கட்டி வார்க்கிற தகரப் பெட்டிகள், பிள்ளை உயரம் இருக்கும், நாற்பதுக்கு மேல் கூரையிலிருந்து சங்கிலியில் தொங்கின. ஒவ்வொன்றிலும் துறைமுகத்துத் தண்ணீர். ஒவ்வொன்றின் அடியிலும் புயலுக்குப் பிறகு துறையிலிருந்து வாரியெடுத்த ஏதோ ஒரு பொருள். ஒன்றில் ஒற்றைச் செருப்பு. ஒன்றில் மூக்குக் கண்ணாடி. ஒன்றில் மூடி திறக்காத சோற்றுப் பெட்டி. காற்றில் அவை லேசாக ஆடி ஒன்றோடொன்று தொட்டு முனகின. அமோனியா வாடை இன்னும் மூக்கில் ஏறியது.

ஒரு சிங்களத் தம்பதியும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அந்த அம்மா சுவரைத் தொட்டுக் கணவரிடம் என்னவோ சொன்னார். மிஸ்ஸிடம் கேட்டேன். "ஐஸ் போய் எத்தினையோ வருஷம், இந்தச் சுவருக்கு இன்னும் ஆரும் சொல்லேல்லைப் போல எண்டு சொல்லுறா" என்றார். நானும் தொட்டுப் பார்த்தேன், சுவர் சில்லென்று இருந்தது.

தம்பியின் பொருள் ஏதாவது இருக்குமோ என்று ஒவ்வொரு பெட்டியாக எட்டிப் பார்த்தேன். ஒரு பெட்டியின் அடியில் ஒன்றும் தெரியவில்லை, இன்னும் குனிந்தேன். தண்ணீருக்குள்ளிருந்து கலியமூர்த்தி என்னைப் பார்த்தான். என் முகம்தான் என்று தெரிந்துகொள்ள எனக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. அவனுக்கும் எனக்கும் ஒரே முகம் என்று அம்மா சொல்வாள். அந்த ஊரார் ஏன் என்னை அப்படிப் பார்த்தார்கள் என்பது அப்போதுதான் முழுசாகப் புரிந்தது.

கடைசியில் ஒரு அறை. ஐஸை வைத்துக் காத்த அறை. குளிர் வெளியே போகாதபடி நாலு சுவரிலும் கூரையிலும் ஒரு சாண் கனத்துக்குத் தக்கை பதித்திருந்தார்கள். மிஸ் கதவைச் சாத்தினார். என் மூச்சு எனக்கே பெரிதாகக் கேட்டது. "சிவ சிவா" என்றேன். சொல் உதட்டோடு நின்றுவிட்டது.

இருட்டில் மிஸ் எதையோ தட்டினார். முதலில் தண்ணீர் சத்தம். சங்கிலி உரசுகிற சத்தம். பிறகு, என் காதுக்கு அருகில், மூச்சு படுகிற தூரத்தில்:

"பைய... பைய... இன்னும் கொஞ்சம்... இன்னும் கொஞ்சம்... ஹா, போதும்."

அவன்தான். மெதுவாக என்பதற்கு எங்கள் உப்பளத்தில் "பைய" என்றுதான் சொல்வோம். அதற்குப் பிறகு வருகிற அந்தச் சின்ன இருமலும் அவனுடையது. நான் கையை நீட்டிவிட்டேன். விரலில் தக்கைதான் பட்டது. அப்போது ஒலிநாடாவில் எங்கோ தூரத்தில் ஒரு கோயில் மணி அடித்தது. பழக்கத்தில் கை கூப்பினேன். மணி ஓய்ந்த பிறகும் அதன் நாதம் நீண்டு போய்க்கொண்டே இருந்தது.

வெளியே வந்ததும் திண்டில் உட்கார்ந்துவிட்டேன். மிஸ் தண்ணீர் கொடுத்தார்.

"இது எப்பப் பிடிச்சதும்மா?"

"துறையில கேக்கிற சத்தங்களைப் புயலுக்கு முன்னம் ஒரு நாடா, பின்னம் ஒரு நாடா பிடிச்சனான். அப்ப என்ர தம்பி எனக்கு மெசின் வாங்கித் தந்த புதுசு. இப்ப நீங்கள் கேட்டது பின்னம் பிடிச்சது. இஞ்ச பாருங்கோ, பெட்டியில எழுதிக் கிடக்கு."

தகர டப்பாவில் ஒட்டிய காகிதத்தில் 'புயலுக்குப் பின்' என்று இருந்தது.

அப்படியென்றால் அவன் புயலில் போகவில்லை. வாசலில் நின்ற காக்காவிடம் ஓடிப்போய்ச் சொன்னேன். அவர் முகம் வெளுத்துவிட்டது. "முகத்த நான் காணல்ல எண்டது மெய்தான்" என்று மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னார்.

உயிரோடு இருந்தவன் பன்னிரண்டு வருஷமாக ஏன் ஒரு கடுதாசி போடவில்லை? சந்தோஷமும் கோபமும் ஒன்றாகப் பொங்கின. சந்தோஷம்தான் ஜெயித்தது. அவன் போன துறையிலேயே கருமம் முடிக்க மடத்தில் சொல்லி ஏற்பாடு செய்திருந்த குருக்களிடம் போய் நிறுத்தச் சொன்னேன்.

"உயிரோட இருக்கிற ஆளுக்குக் கிரியை செய்யிறது பெரிய பாவம்" என்றார் குருக்கள். "வடிவா விசாரியுங்கோ. நாளையிண்டைக்கு விட்டால் இந்தத் திதி இல்லை." நாளையிண்டைக்கு என்றால் நாளை மறுநாள்.

தேங்காய் ஒன்றை வாங்கிக்கொண்டு துறைமுக வாசலில் உள்ள சின்னப் பிள்ளையார் கோயிலுக்குப் போனேன். சாயங்காலப் பூசை நேரம். மூன்று தோப்புக்கரணம் போட்டேன். "அப்பனே, உருவத்துக்குத் தலையாக வேண்டிய தேங்காயை உனக்கே தருகிறேன்" என்று சொல்லி ஓங்கி அடித்தேன். சரி பாதியாக உடைந்தது. தீபாராதனைக்குத் திரை விலகியது. மணி அடித்தது.

டக். டக். டக்.

இரும்புத் தகட்டில் அடித்தது போன்ற சத்தம். அடித்ததும் செத்துவிடுகிறது. கண்ணை மூடியிருந்த நான் திறந்துவிட்டேன். பூசை முடிந்ததும் மணிக்கயிறு பிடித்தவரிடம் கேட்டேன்.

"துறைமுகத்துல கேக்குற கோயில் மணி இது ஒண்ணுதானா?"

"ஓம் ஐயா, இது ஒண்டுதான்."

"எப்பவும் இதே சத்தமா?"

"இல்லை. முந்தி இதை அடிச்சால் உப்புவெளி வரைக்கும் கேக்கும். புயலில கூண்டோட விழுந்து விளிம்பு வெடிச்சுப் போச்சு. அண்டையில இருந்து இவர் இருமல்காரர்தான்."

அவர் சொன்னது வேடிக்கையாக. நான் தேங்காய் மூடியைப் பிடித்தபடி நின்றேன். நாடாவில் கேட்ட மணி நீண்டு ஒலித்த மணி. வெடிக்காத மணி.

மடத்துக்குத் திரும்பும் வழியில் மைதானத்தில் மான்கள் நின்றன. அந்த ஊரில் மான்கள் மாடு மாதிரி தெருவில் திரியும். பத்துப் பதினைந்து இருக்கும். மழையில் நனைந்துகொண்டு, ஒன்றுகூட மேயாமல், எல்லாம் கடல் பக்கமே பார்த்து நின்றன. நான் அவற்றின் நடுவே நடந்து போனேன். ஒன்றும் விலகவில்லை.

மூன்றாம் நாள் விடியற்காலை பஜனைச் சங்கு ஊதும்போதே எழுந்து, கலைக்கூடம் திறக்கும் மட்டும் வாசலில் காத்திருந்தேன். காக்காவும் வந்திருந்தார். உள்ளே போய் அந்த நாடாவை மூன்று முறை போடச் சொல்லிக் கேட்டேன். மூன்று முறையும் மணி நீண்டது. மணியைப் பற்றிச் சொன்னதும் யோகம் மிஸ் அலுமாரியைத் திறந்து மற்ற நாடாவை எடுத்து மாட்டினார். டப்பாவில் 'புயலுக்கு முன்' என்று எழுதியிருந்தது. சுத்தியல் சத்தம். பலகை அறுக்கிற சத்தம். வேறு ஆட்களின் குரல்கள். நடுவில்: டக். டக். டக். கலியமூர்த்தி அதில் இல்லை.

மிஸ் தரையில் உட்கார்ந்துவிட்டார். "புயலில எங்கட வீட்டுக்குள்ள வெள்ளம். எல்லாப் பெட்டியும் நனைஞ்சது. காய வைச்சுத் திருப்பி அடுக்கேக்க மாறிப்போச்சு. இவ்வளவு நாளும் நான் ஆக்களுக்குப் பிழையாச் சொல்லியிருக்கிறன். மன்னிச்சுக்கொள்ளுங்கோ ஐயா. வேணுமெண்டால் இதை அழிச்சுப் போடுறன்."

"அழிக்காதீங்கம்மா" என்றேன். "நாளைக்குக் கருமம். நாளைக்கு மட்டும் போடாதீங்க. உருவம் எரியும்போது அவன் குரல் எங்கேயும் கேக்கக் கூடாது."

"திறக்கவே மாட்டன்" என்றார்.

வெளியே காக்கா காத்திருந்தார். நாடா மாறியதை நான் சொல்லக் கேட்டுவிட்டுத் தாடியைத் தடவினார். "தம்பி, ஊர்ல இரிக்கிற அந்தப் புள்ளைக்கிட்ட மணிக்கதய சொல்லாதீங்க. பெட்டியில எழுதியிருந்தத மட்டும் சொல்லுங்க. பொய் இல்லயே, எழுதித்தானே இருந்திச்சி. தாலியோட இரிக்கட்டும்."

அன்பினால்தான் சொன்னார். விடிய விடிய நானும் அதையேதான் நினைத்துக்கொண்டு கிடந்தேன். அது எனக்கு வெட்கமாக இருந்தது.

நாலாம் நாள் துறைமுகக் கரையில் ஒதுக்குப்புறமான ஓர் இடத்தில் குருக்கள் தர்ப்பையில் உருவம் முடைந்தார். தலைக்கு வேறு தேங்காய் வைத்தார். நான் ஊரிலிருந்து கொண்டுபோன அவனுடைய பழைய சட்டையை அதற்குப் போர்த்தினேன். ஈரத்தில் நெருப்பு பிடிக்கவில்லை. கற்பூரத்தை மேலும் மேலும் வைத்தோம். பிறகு ஒரேயடியாகப் பற்றியது. சட்டையின் கை ஒன்று மேலே தூக்கிச் சுருண்டது.

"இனி நடவுங்கோ. திரும்பிப் பார்க்கப்படாது. ஆர் கூப்பிட்டாலும்" என்றார் குருக்கள்.

நடந்தேன். இருபது அடி போயிருப்பேன். பின்னால், தண்ணீரின் மேல் இருந்து:

"பைய... பைய... இன்னும் கொஞ்சம்... இன்னும் கொஞ்சம்..."

என் கால் நின்றது. கழுத்து தானாகத் திரும்பப் பார்த்தது. பிடரி நரம்பு வலிக்க வலிக்க முன்னாலேயே பார்த்தேன். பஞ்சாட்சரம் சொன்னேன். "போதும்" என்று கேட்டது. நடந்தேன். திரும்பவில்லை.

முழுகிவிட்டு ஈரத் துணியோடு நேராகக் கலைக்கூடத்துக்குப் போனேன். பெரிய பூட்டுத் தொங்கியது. மிஸ் படியில் உட்கார்ந்திருந்தார்.

"ஏம்மா போட்டீங்க?"

"நான் திறக்கவே இல்லை ஐயா. இந்தாங்கோ திறப்பு, என்ர கையிலதான் கிடக்கு."

சாவியைத் தொட்டுப் பார்த்தேன். அவர் சூட்டில் அது வெதுவெதுப்பாக இருந்தது. எனக்கோ உடம்பெல்லாம் சில்லிட்டது. வீதியில் காசிம் காக்கா வேகமாக வந்துகொண்டிருந்தார், சாரத்தை முழங்காலுக்கு மடித்துக் கட்டிக்கொண்டு.

"தம்பி, கரையில நிண்டது நீங்கதானே? லாஞ்சில இருந்து நான் கண்டன். நான் கத்தினதில நடுவால நிண்டிட்டீங்க. கோவிக்காதீங்க, கயிறு கட்டக்குள்ள கத்தாம ஏலா."

"அது நீங்களா? 'பைய'ன்னு கேட்டுச்சே."

"ஓம். பைய எண்டுதான் சொல்லுற." அவர் சாரத்தை இறக்கிவிட்டார். "எங்கட வாய்க்கு அந்தச் சொல்லு இல்ல. ஒங்கட தம்பி வந்த முதல் நாள் அப்பிடிக் கத்தினான். நாங்க எல்லாரும் சிரிச்ச. ஆனா கயிறு புடிக்க அந்தச் சொல்லுதான் நல்லா நீளுது. இப்ப இந்தத் துறையில கயிறு புடிக்கிற எவனும் அதத்தான் கத்துறான். ஆர்ர சொல்லெண்டு ஒருத்தனுக்கும் தெரியா."

மூவரும் அந்தப் படியில் உட்கார்ந்திருந்தோம். இறங்குதுறைப் பக்கம் இன்னொரு படகு வந்து சேர்ந்தது. அங்கிருந்து ஒரு இளம் குரல் அதே சொல்லை அதே இழுப்போடு கத்தியது. காக்கா என்னைப் பார்த்தார். யோகம் மிஸ் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

வேதாரண்யத்துக்கு வந்து சேர்ந்த அன்றே, வீட்டில் வேறு யாரும் இல்லாத நேரம் பார்த்துச் சிவகாமியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். தகரப் பெட்டிகள், தக்கை அறை, டப்பாவில் எழுதியிருந்தது, உடைத்த தேங்காய், மணி. ஒன்றையும் மறைக்கவில்லை. அவள் அழவில்லை. உள்ளே போய் ஒரு டம்ளர் பால் கொண்டுவந்து சாமி படத்துக்கு முன்னால் வைத்தாள். எதிரே உட்கார்ந்துகொண்டாள்.

"அவர் எப்படிச் சொன்னாரோ, அப்படியே ஒரு தடவை சொல்லுங்க மாமா."

துறையில் கேட்ட இழுப்போடு சொன்னேன். "பைய... பைய..."

அவள் இரண்டு கைகளும் பிடரிக்குப் போயின. மஞ்சள் கயிற்றில் மூன்று முடிச்சு.

"இன்னும் கொஞ்சம்... இன்னும் கொஞ்சம்..."

அடுத்த சொல் எனக்கு வாயில் வரவில்லை. கயிறு அவள் கையோடு வந்தது. அதை அலுங்காமல் பாலுக்குள் இறக்கிவிட்டு, அவளே சொன்னாள்.

"போதும்."